நிரல் மாறலாம், சுட்டு மாறலாமா?

மொழியில் சுட்டு என்பது மிகச் சிறியதோர் உறுப்பு. அ, இ, உ என்னும் மூன்றெழுத்துகளே அதற்கு முதல். ஆயினும் அச்சிற்றுறுப்பு வழுவுமாயின் பேச்சு முழுவதும் வழுவிவிடும். ‘இவன்’ என்னும் சொல், சொல்வோன் நிற்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு பொருள் தருவது. சொல்வோன் சற்றே விலகி நின்றால் இவன் அவனாகிவிடுவான். இயற்பெயர் அத்தகையதன்று. எவ்விடத்தில் நின்று சொன்னாலும் அது ஒருவனையே குறிக்கும். இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த தொல்காப்பியர், ஒருவனையே குறித்து இயற்பெயரும் சுட்டுப்பெயரும் வினையோடு ஒருங்கு வருமிடத்துச் சுட்டுப்பெயரை முன்னே சொல்லலாகாது, இயற்பெயரின் பின்னரே சொல்லவேண்டும் எனக் கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். செய்யுளுக்கு மட்டுமே அதனின்றும் விலக்களித்தார். பெயரை நிலைநிறுத்திவிட்டுப் பின்னர்ச் சுட்டுக என்பதே அவ்விதியின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

இவ்விதியை இன்று மிகவும் வேண்டிநிற்பது கணினித்துறை என்பது நம் கருத்து. தமிழ்த்துறை மலரில் கணினிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கணினி நிரலுக்கு விளக்கம் எழுதுவோர் இன்று படுகின்ற இடர், நம் உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் நெடுங்காலம் பட்ட இடரே. நம் ஊர்க் கிராம நிருவாக அலுவலர் நாள்தோறும் படுகின்ற இடரும் அதுவே. ஆகவே இதனைப் பேசத் தமிழ்த்துறைக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

நோயின் இயல்பு

கணினிக்கு ஆணையிடும் எழுத்துத் தொகுதி மூல நிரல் எனப்படும். அந்நிரல் என்ன செய்கிறது, ஏன் அவ்வாறு செய்கிறது, எவ்விடத்தைத் திருத்தினால் என்ன நேரும் என்பவற்றை மனிதர்க்குச் சொல்லும் எழுத்து விளக்க ஆவணம். நிரல் மூலம் என்றால் ஆவணம் உரை. மூலத்தைச் சுட்டாமல் உரை நடவாது. ‘இன்ன கோப்பில் இன்ன இடத்தைக் காண்க’ என்று ஆவணம் அடிக்கொருதரம் நிரலைச் சுட்டிக்கொண்டே செல்லும்.

இங்கொரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. ஆனால் தமிழில் வரி என்பது அரசிறையையும் குறிக்கும். இக்கட்டுரையில் இரண்டும் வருவதால், நிரலின் வரியைச் செய்யுளைப் போல ‘அடி’ என்றே வழங்குவோம்.

இராசிபுரத்துப் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குப் பில் போடும் நிரல் ஒன்றை மாணவர் ஒருவர் எழுதித் தந்தார் எனக் கொள்வோம். ஆவணத்தில் ‘விற்பனை வரியின் விகிதம் 212ஆம் அடியில் உள்ளது, விகிதம் மாறினால் அதனை மாற்றுக’ என்று குறித்துவைத்தார். 2017 ஜூலை முதல் நாள் பொருள் மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பழைய மதிப்புக் கூட்டு வரிக்கென எழுதிய பகுதிகள் நீங்கின. மத்திய வரி, மாநில வரி, மாநிலங்களுக்கு இடையிலான வரி எனப் புதிய பகுதிகள் புகுந்தன. நிரலின் தலைப்பில் முப்பது அடிகள் கூடின. இப்போது 212ஆம் அடியில் இருப்பது வேறொன்று. எடைக் கழிவைக் கணக்கிடும் பகுதியாக இருக்கலாம். எழுதிய மாணவர் பெங்களூருக்குப் பணிக்குச் சென்றுவிட்டார். 2025 செப்டம்பர் 22ஆம் நாள் வரி விகிதங்கள் மறுபடியும் மாற்றியமைக்கப்பட்டபோது ஆலைக்காரர் புதியவர் ஒருவரை அழைக்கிறார். அவர் ஆவணத்தை நம்பி 212ஆம் அடியைத் திருத்துகிறார். பில்லில் வரி பழைய விகிதத்திலேயே நிற்கிறது, எடையோ கெட்டுப்போகிறது. இதில் நிரல் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய நாளில் அச்சுட்டு மெய்யே. நிரல் நகர்ந்தது, சுட்டு நகரவில்லை.

மேகத்தின் நிழலை அடையாளமாக வைத்துப் பொருளைப் புதைத்தவன் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அடி எண்ணை அடையாளமாக வைப்பதும் அத்தகையதே.

கெட்ட சுட்டுகள் மூவகைப்படும். சுட்டிய கோப்பே இல்லாமற்போவது ஒன்று. சுட்டிய இடத்தில் வேறு பொருள் வந்து அமர்ந்திருப்பது மற்றொன்று. சுட்டிய பொருள் அதே பெயரோடு அங்கேயே இருந்தும், அதன் செயல் மாறிவிட்டிருப்பது மூன்றாவது. முதல்வகைப் பிழை தன்னைத்தானே அறிவித்துவிடும். தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர், ஆனால் ஏமாறார். பின்னிரண்டும் வாய்திறவாமல் ஏமாற்றுவன. சுட்டு இல்லாமற்போவதைக் காட்டிலும் பொய்ச்சுட்டாக இருப்பதே பெருங்கேடு. நம் இளைஞர் முதலிற் கருத்தில் இருத்தவேண்டிய உண்மை இது.

நிலப் பதிவேடு காட்டும் நெறி

இந்நோய்க்கு மருந்தைத் தேடி மேலைநாடு செல்லுமுன், நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வயல்வெளிகளையே ஒருகால் நோக்குவோம். மூல நிரலைப் போலவே நிலமும் ஓயாது மாறுவது. தந்தையின் புலம் மைந்தர் மூவர்க்குப் பிரியும். அதில் ஒருவர் பாதியை விற்பார். வாய்க்கால் ஓரம் சாலைக்குப் போகும். ஆயினும் நூறாண்டுப் பழமையுள்ள பத்திரத்தைக் கொண்டு இன்றைய புலத்தைக் கண்டறிய முடிகிறது. எங்ஙனம்?

புல எண் 112 என்றிருந்த நிலம் பிரிந்தால் 112/1, 112/2 ஆகும். 112/2 மேலும் பிரிந்தால் எழுத்துச் சேர்ந்து 112/2ஏ, 112/2பி ஆகும். அதுவும் பிரிந்தால் 112/2ஏ1, 112/2ஏ2 என வளரும். இம்முறையில் இரண்டு சிறப்புகள் உள்ளன. ஒரு புலம் பிரிந்ததனால் அடுத்த புலத்தின் எண் மாறுவதில்லை. 112 எத்தனை கூறானாலும் 113 என்றும் 113தான். பிரிந்த கூற்றின் பெயரிலேயே அதன் தாய்ப்புலத்தின் பெயரும் பொதிந்திருக்கும். பேரனின் பெயரில் பாட்டனைக் காணலாம். நிரலின் அடி எண்ணுக்கு இவ்விரு சிறப்பும் இல்லை. மேலே ஓர் அடி நுழைந்தால் கீழுள்ள அத்தனை அடிகளும் எண் மாறிவிடும்; பழைய எண்ணின் சுவடும் எஞ்சாது.

நிலஅளவையே புதிதாக நிகழும்போது எண்கள் மாறத்தான் செய்யும். பைமாஷ் எண் போய்ப் புல எண் வந்தது. மறுஅளவையில் அதுவும் மாறியது. ஆனால் மாற்றிய அரசு, பழைய எண்ணுக்கு நேரான புதிய எண் இன்னது என்று ஒப்புநோக்கும் பட்டியலையும் எழுதிவைத்தது. அதனாலேயே நம் பகுதிப் பத்திரங்களில் ‘பழைய சர்வே எண் இன்னது, ரீசர்வே எண் இன்னது’ என இரண்டும் சேர்ந்து வருவதைக் காண்கிறோம். வக்ஃபு நிலம், கோயில் நிலம், அறக்கட்டளை நிலம் ஆகியவற்றின் பழைய பதிவுகளைக் கையாண்ட பெரியோர்க்கு அப்பட்டியலின் அருமை தெரியும். அது கிடைக்காத இடத்தில் எத்தனை ஆண்டு வழக்காட வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

பத்திரம் எண்ணோடு நிற்பதில்லை. செக்குபந்தி என்று நான்கெல்லையையும் சொல்கிறது, பரப்பைச் சொல்கிறது, எழுதிய நாளைச் சொல்கிறது. நான்கெல்லையில் ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு’ என்பது நிலையற்ற சுட்டுதான். அந்த இன்னாரே நிலத்தை விற்றுவிடலாம். ஆனால் பத்திரத்தில் நாள் குறித்திருப்பதால், அந்நாளில் அங்கே நிலம் வைத்திருந்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும். நாள் குறித்த சுட்டு பழையதாகலாம், பொய்யாவதில்லை.

ஆக, நிலப் பதிவேடு நமக்குக் கற்பிப்பன மூன்று. இடத்தை எண்ணிச் சொல்லாதே, பெயரிட்டுச் சொல். எந்நாளைய நிலை என்பதையும் உடன் சொல். இடத்தை மாற்றியவன் எவனோ அவனே பழையதையும் புதியதையும் இணைக்கும் பட்டியலைத் தரக் கடமைப்பட்டவன். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இம்மூன்றையே.

மாவட்டம் பிரிந்த கதை

நாள் குறிப்பதன் இன்றியமையாமைக்கு நம் மாவட்டமே சான்று. 1883இல் லெபானு வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918இல் ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியையும் ஆய்வாளர் இன்றும் புரட்டுகின்றனர். அக்காலத்துச் ‘சேலம் மாவட்டம்’ இன்றைய சேலம் மாவட்டமன்று. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி முதல் நாளிலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 1960இல் ஒருவர் ‘சேலம் மாவட்டத்து ஊரில் ஒரு நடுகல்’ என்று எழுதியிருந்தால், அக்கல் இன்றைய நான்கு மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். எழுதிய ஆண்டு தெரிந்தால் தேடலாம், தெரியாவிடில் திகைக்கலாம்.

இவ்விடர் வாராமல் கல்வெட்டுத் துறையினர் கைக்கொண்ட வழி எளியது. ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ‘இன்ன ஆண்டின் இத்தனையாம் எண்’ என்று அடையாளமிட்டனர். நாமக்கல் குன்றின் குடைவரையில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அக்கோயிலைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. கோட்டை அப்படியே நிற்க, ஊர் எம்மாவட்டத்தோடு சேர்ந்தாலும் பிரிந்தாலும், ஆண்டும் எண்ணும் சேர்ந்த அடையாளம் அக்கல்லைவிட்டு அகல்வதில்லை. படியெடுத்த நாளில் இட்ட பெயர் அது. ஆட்சி எல்லையைச் சார்ந்ததன்று.

நூல் மரபு கற்பித்த பாடம்

இனி, நம் துறைக்கே உரிய நூல்மரபைக் காண்போம். பக்க எண் பதிப்புதோறும் மாறும் என்பதை நம் அறிஞர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். ஆகவே திருக்குறளைப் பக்க எண்ணால் எவரும் சுட்டுவதில்லை. அதிகாரமும் குறள் எண்ணுமே சுட்டுவர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் காண்டப் பெயராலும் படலப் பெயராலும் பாட்டெண்ணாலும் சுட்டுவர். எந்த அச்சகம் எந்த அளவுத் தாளில் அச்சிட்டாலும் இச்சுட்டு பிழைத்திருக்கும்.

ஆயினும் எண் ஒன்றே போதும் என்று இறுமாந்திருக்க இயலாது. இன்று நாம் வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைத்த வரிசையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் ஓர் அதிகாரத்துள் குறள்கள் வேறு வரிசையில் அமைவதுண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் கொண்ட நூற்பாக்கள் 456. சேனாவரையர் கொண்டவை 463. ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பகுத்ததன் விளைவு இது. ஆகவே நூற்பா எண்ணைச் சுட்டுவோர் எவ்வுரைப்படி என்பதையும் உடன் சொல்லியாகவேண்டும். நிரலரின் மொழியிற் கூறின், எண்ணோடு பதிப்பும் சேர்ந்தாலன்றிச் சுட்டு முழுமையுறாது.

இதற்கு மற்றுமொரு சான்று திருக்குர்ஆன் ஆய்வு வரலாற்றில் உண்டு. மூலத்தின் ஓரெழுத்தும் மாறாதிருக்க, வசனங்களை எண்ணும் முறைகள் வேறுபட்டிருந்தன. 1834இல் ஜெர்மானியர் ஃப்ளூகல் வெளியிட்ட பதிப்பின் எண்களையே ஐரோப்பிய ஆய்வாளர் நெடுங்காலம் ஆண்டனர். 1924இல் கெய்ரோவில் வெளிவந்த பதிப்பின் எண்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஆகவே இடைக்காலத்து ஆய்வு நூல்கள் இரண்டு எண்களையும் அருகருகே தந்தன. ஒப்புமைப் பட்டியல்களும் எழுந்தன. நபிமொழித் தொகுப்புகளிலும் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால், நூலின் பெயரோடு பாடத் தலைப்பையும் சேர்த்துச் சுட்டுவதே பாதுகாப்பு என்பதை ஆலிம்கள் அறிவர். மாறாத மூலத்துக்கே இத்துணை விழிப்பு வேண்டியிருக்குமாயின், நாள்தோறும் மாறும் நிரலுக்கு எத்துணை வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்துச் சொல்வோம். 1998இல் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் தொண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அத்திட்டம் வரிசை எண் ஒன்றை இட்டது. எழுத்துருக் குறியீடு தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறியது. கோப்புகளின் வடிவங்கள் மாறின. நூலின் எண் மட்டும் மாறவில்லை. பழைய இணைய முகவரி செத்துப்போன இடத்திலும், எண்ணைக் கொண்டு நூலை எடுத்துவிடலாம்.

கணினியறிஞர் கண்ட வழிகள்

மேற்சொன்ன மூன்று நெறிகளையும் கணினியுலகம் தன் போக்கில் கண்டடைந்திருக்கிறது. 1984இல் டொனால்டு குனூத் என்னும் அறிஞர், நிரலையும் விளக்கத்தையும் ஒரே நூலாக எழுதும் முறையை முன்மொழிந்தார். நிரல் சிறு பகுதிகளாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும் பெயர் இடப்பெறும். ஒன்றையொன்று சுட்டும் எண்களை இயந்திரமே கணக்கிட்டு அச்சிடும். மூலமும் உரையும் ஓரேட்டில் இருந்தால் ஒன்று நகரும்போது மற்றதும் நகரும் என்பது அவர் கண்ட உண்மை.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள், நிரலின் ஒவ்வொரு நிலையையும் ஆண்டறிக்கையில் பதிவதுபோலப் பதிந்துவைக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்து நீளமுள்ள அடையாளம் உண்டு. அவ்வடையாளம் எவரோ மனம்போனபடி இட்ட எண்ணன்று. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணித்துப் பெறுவது. ஆகவே உள்ளடக்கத்தில் ஓரெழுத்து மாறினும் அடையாளம் மாறிவிடும். இவ்வடையாளத்தைச் சேர்த்துச் சுட்டினால் அடி எண்கூட நிலைத்துநிற்கும். ஏனெனில் அந்நாளைய நிரலில் 212ஆம் அடி என்றும் 212ஆம் அடியே. கிட்ஹப் தளத்தில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒய்’ விசையை அழுத்தினால், முகவரி அத்தகைய நிலைத்த முகவரியாக மாறிவிடும். ஒரே விசை, அதை அழுத்தத் தெரியாமையால் எத்தனையோ அறிக்கைகளின் சுட்டுகள் பாழாகின்றன.

இனிப் பெயரிட்டுச் சுட்டுவது. நிரலில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பெயர் உண்டு. ‘212ஆம் அடி’ என்பதற்குப் பதில் ‘வரி விகிதத்தைத் தரும் செயற்கூறு’ என்று பெயர்சொல்லிச் சுட்டினால், அது கோப்பின் தலையிலிருந்து காலுக்கு நகர்ந்தாலும் தேடியெடுக்கலாம். செயற்கூற்றின் ஒரு பகுதியை மட்டும் காட்டவேண்டுமாயின், நிரலுக்குள்ளேயே எல்லைக்கல் நாட்டுவதுபோலத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்டு, அக்குறியின் பெயரைச் சுட்டலாம். பைத்தான் உலகில் வழங்கும் ஸ்ஃபிங்ஸ் கருவி இவ்வாறு குறிகளுக்கிடைப்பட்ட பகுதியை நிரலிலிருந்து நேரே எடுத்து ஆவணத்தில் பதிக்கும். எல்லைக்கல்லைப் பிடுங்கினால் கருவி உடனே கூவும்.

அவ்வாறு கூவச் செய்வதே மூன்றாவது வழி. ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் ஆவணக் கருவி, ஆவணத்தில் சுட்டிய பெயர் நிரலில் இல்லையெனில் எச்சரிக்கை தரும். பைத்தானின் டாக்டெஸ்ட், ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்த்து, விடை மாறினால் பிழையென்று சொல்லும். பெயர் அதுவாகவே இருந்து செயல் மாறிவிட்ட மூன்றாம்வகைப் பிழைக்கு இதுவே தக்க மருந்து. பொய்ச்சுட்டை வாய்திறக்க வைப்பதே இக்கருவிகளின் தொண்டு.

களஞ்சியமே மறைந்தால் என் செய்வது? கூகுள் நிறுவனம் நடத்திய நிரல் களஞ்சியம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதனைச் சுட்டிய ஆவணங்கள் பல ஒரே நாளில் ஊரிழந்தன. அதே 2016இல் பிரான்சு நாட்டின் இன்ரியா நிறுவனம், உலகத்து மூல நிரல்களையெல்லாம் காக்க ‘சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்’ என்னும் காப்பகத்தை அறிவித்தது. அங்கு நிரலுக்கு இடப்பெறும் அடையாளமும் உள்ளடக்கத்திலிருந்தே பிறப்பது. எந்த ஊரில் எந்தப் பெட்டியில் படி கிடைத்தாலும் அதுதானா என்று ஒப்பிட்டுத் தெளியலாம். 2025இல் அவ்வடையாள முறை பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பெற்றது.

மறுப்பும் விடையும்

‘தெளிவாக எழுதிய நிரலுக்கு ஆவணமே வேண்டா, நிரலே ஆவணம்’ என்பார் உளர். நிரல் ‘என்ன’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. எடைக்கழிவை ஏன் அவ்வாறு கணக்கிட்டார் என்பது ஆலையின் வழக்கத்தைச் சார்ந்தது. அது நிரலில் இராது. சூத்திரம் எத்துணைச் சிறந்ததாயினும் உரை வேண்டாம் என்று நம் முன்னோர் சொன்னதில்லை.

‘பதிப்பைப் பூட்டிச் சுட்டினால் படிப்போன் பழைய நிரலையே பார்ப்பானே, புதியதை எப்போது காண்பான்?’ என்பது மற்றொரு மறுப்பு. இது ஏற்கத்தக்க வினாவே. பூட்டிய சுட்டு அன்றைய உண்மையைக் காக்கும். இன்றைய உண்மையை அறிவிக்காது. ஆகவேதான் பெயரையும் பதிப்பையும் சேர்த்தே சுட்டவேண்டும் என்கிறோம். பதிப்பு, எழுதியவர் கண்டது எது என்பதைக் காட்டும். பெயர், இன்று அது எங்கே என்பதைத் தேடித்தரும். இரண்டையும் ஒப்பிட்டால் இடையில் என்ன மாறிற்று என்பது விளங்கும். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் ஒரே பத்திரத்தில் நிற்பதும் இக்காரணத்தாலேயே.

‘இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கு, நம் ஊர்ச் சிறு நிரல்களுக்கு எதற்கு?’ என்பதே நாம் மிகுதியாகக் கேட்கும் மறுப்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. பெருநிறுவனத்தில் ஒருவர் நீங்கினால் கேட்டறிய மற்றொருவர் இருப்பார். நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகத்துக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளருக்கும், சேலத்து வெள்ளிப்பட்டறைக்கும் நிரல் எழுதியவர் ஒருவரே. அவர் ஊரைவிட்டுச் சென்றபின் எஞ்சுவது ஆவணம் மட்டுமே. அவ்வாவணம் பொய்ச்சுட்டுகளால் நிறைந்திருந்தால் அந்நிரலைத் தூக்கியெறிந்து புதிதாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓராண்டு உழைப்பு ஓர் எண்ணின் நகர்வால் வீணாகும்.

நாம் வேண்டுவன

நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் திட்டப்பணி அறிக்கை எழுதி, அட்டை கட்டி, நூலகத்தில் வைக்கின்றனர். அடுத்த ஆண்டு மாணவர் அதனைத் தொடர்ந்து செல்வது அரிது. மீண்டும் முதலிலிருந்தே தொடங்குகின்றனர். அறிக்கை ஒரு புறமும் நிரல் ஒரு புறமுமாகப் பிரிந்துபோவது இதற்கு ஒரு பெருங்காரணம் என்பது நம் எண்ணம். ஆகவே சிலவற்றை வேண்டுகிறோம்.

மாணவர்க்கு: அறிக்கையில் அடி எண்ணைத் தனியே எழுதாதீர். செயற்கூற்றின் பெயர், கோப்பின் பெயர், பதிப்பின் அடையாளம், நாள் ஆகிய நான்கும் நான்கெல்லை போல நிற்கட்டும். விளக்க ஆவணத்தை நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வையுங்கள். ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றும் நாளில், அதனைச் சுட்டும் இடங்களையும் அன்றே மாற்றுங்கள். அல்லது பழைய பெயருக்கு நேராகப் புதிய பெயர் இன்னது என்று ஒரு பட்டியலேனும் எழுதிவையுங்கள். நாளை செய்வோம் என்று விட்டது நடப்பதில்லை.

ஆசிரியர்க்கு: திட்டப்பணியை மதிப்பிடும்போது நிரல் இயங்குகிறதா என்று மட்டும் பாராமல், அறிக்கையின் சுட்டுகளில் ஐந்தைத் தெரிந்தெடுத்து அவை சரியான இடத்துக்குச் செல்கின்றனவா என்று பாருங்கள். அதற்கென மதிப்பெண் ஒதுக்குங்கள். தமிழ்த்துறையில் மேற்கோளுக்கு உரையும் பதிப்பும் கேட்கும் அதே கண்டிப்பைக் கணினித்துறையும் மேற்கொள்ளட்டும். மேற்கோள் காட்டும் முறையை இரு துறை மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பதாயின் இரு சாராருக்கும் நலம்.

நிருவாகத்தார்க்கும் பெரியோர்க்கும்: மாணவரின் திட்டப்பணி நிரல்களை அவரவர் சொந்தக் கணக்கில் மட்டும் விட்டுவிடாமல், கல்லூரியின் பெயரிலேயே ஒரு களஞ்சியம் அமைத்துக் காத்திடுங்கள். மாணவர் கல்லூரியை விட்டுச் செல்வர். கல்லூரி அங்கேயே நிற்கும். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. பள்ளிவாசல் சொத்துப் பதிவேட்டை முத்தவல்லி மாறினாலும் பேணிக் காப்பதுபோல, துறைத்தலைவர் மாறினாலும் பேணும் ஒழுங்கே இதற்குத் தேவை.

ஒருவர் தம் ஆவணத்தில் ‘இங்கே காண்க’ என்று எழுதும்போது, தம்மை நம்பி வரும் முன்பின் அறியாத ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறார். அவ்வாக்கு ஓர் அமானிதம். நிரலை மாற்றும் உரிமை நிரலர்க்கு உண்டு. மாறாத நிரல் பயனற்றுப் போகும். ஆனால் மாற்றுவோர், தமக்கு முன் கொடுக்கப்பட்ட வாக்குகளையும் சேர்த்தே கையேற்கின்றனர் என்பதை மறத்தலாகாது. வரப்பை வெட்டி மாற்றுகிறவர் எல்லைக்கல்லை எடுத்து எறிந்துவிடுவதில்லை. புதிய இடத்தில் நாட்டி, பதிவேட்டிலும் குறிக்கச் செய்கிறார். நம் இளைஞர் நிரலிலும் அதையே செய்வாராக.